கோயில் கணக்கு உள்ளே, கணினி எழவில்லை

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அவர் பெயரையும் கோயிலின் பெயரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலிசெய்து, பட்டணத்தின் ஓரத்தில் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பொருளாளர் பொறுப்பு மட்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. 2013-இல் மகனின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினி, மகன் வேலைக்கு ஜொகூர் போனபின் தந்தையின் மேசைக்கு வந்தது. ஐந்தாண்டு வரவு செலவு, திருவிழா நன்கொடைப் பட்டியல், உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள் எல்லாம் அதில் எக்செல் கோப்புகளாக இருக்கின்றன. வேறு நகல் இல்லை.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் இடியோடு மழை. அன்று இரவு முழுக்கக் கணினி சார்ஜில் இருந்திருக்கிறது. காலையில் எழவில்லை. அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது. பட்டனை அழுத்தினால் கணினியின் முன்விளிம்பில் ஆரஞ்சு விளக்கு ஒரு நொடி மின்னி அணைகிறது. விசிறிச் சத்தம் இல்லை, திரையும் கறுப்பு. பட்டணத்துக் கடையில் கணினியைத் திறக்காமலேயே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு (பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகை) போய்விட்டது, மாற்ற 450 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், வேண்டாமென்றால் 50 வெள்ளிக்குத் தங்களிடமே கொடுத்துவிடலாம் என்றார்களாம். மகன் தூக்கிப் போடுங்கள், புதிதாக வாங்கித் தருகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் தன் சார்ஜரை நீட்டுகிறான். அது உதவாவிட்டால் மதர்போர்டை ஹேர் டிரையரால் சூடாக்கலாம் என்றும் சொல்கிறான். வீட்டம்மா இரண்டு நாள் அரிசிப் பானையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பொதுக்கூட்டம் அடுத்த மாதம். கணக்குக் கேட்கும் நேரத்தில்தான் கணினி கெடுமா என்று செயலவையில் இருவர் புலன (வாட்ஸ்அப்) குழுவிலேயே எழுதிவிட்டார்கள். "செக்ரோல் (தோட்டக் கூலிப் பதிவேடு) எழுதி ஒரு சென் பிசகாதவன் நான்" என்று முடிக்கிறார் ஐயா.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கணினி பிழைக்குமா என்பது ஒன்று, கணக்கு கிடைக்குமா என்பது மற்றொன்று. கடைக்காரர், மகன், பக்கத்து வீட்டுப் பையன் மூவரும் முதல் கேள்விக்கே பதில் சொல்லியிருக்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவதற்கு. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கு எங்கே இருக்கிறது

மதர்போர்டு போனால் கணக்கும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. 2013-ஆம் ஆண்டு வாக்கில் வந்த உங்கள் கணினி போன்றவற்றில் கோப்புகள் அனைத்தும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். இரண்டரை அங்குல அகலத்தில், தட்டையான உலோகப் பெட்டி அது. மதர்போர்டில் ஒரு செருகியில் மாட்டியிருக்குமே தவிர அதோடு ஒட்டியதல்ல. கணினியைக் கவிழ்த்தால் பெரும்பாலும் ஒரு சிறிய மூடி தெரியும். ஒன்றிரண்டு திருகாணிகளைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். சில மாடல்களில் அடிப்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் நீங்களே செய்ய வேண்டாம், பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

வெளியே எடுத்த டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் இணைக்க ஒரு கேபிளோ பெட்டியோ போதும். ஈப்போவிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும், 50 வெள்ளிக்குள் முடிந்துவிடும். கடைக்காரரிடம் "இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்குக்கு" என்று சொல்லுங்கள். இணைத்ததும் டிஸ்க் ஒரு டிரைவாகத் தெரியும். அதில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயர் அல்லது மகனின் பெயர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் பாருங்கள். உள்ளே போக அனுமதி இல்லை என்று கணினி தடுத்தால் தொடர்வதற்கான பட்டனை அழுத்திக் காத்திருங்கள். டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் மட்டும் எக்காரணம் கொண்டும் ஆம் சொல்லாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் தலையாட்டிவிட்டு என் மேசைக்கு வந்து நிற்பவர்கள் அதிகம்.

புதிய கணினிகளில் இது இவ்வளவு எளிதில்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இப்போதைய மெல்லிய மாடல்கள் சிலவற்றில் சேமிப்பகமே மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னும் பலவற்றில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவைத்திருக்கும். அதன் மீட்புக் குறியீடு இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிப் பயனில்லை. உங்கள் கணினி அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததல்ல என்பதால் இந்தத் தொல்லைக்கு வாய்ப்புக் குறைவு.

இணைத்ததும் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீரான சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மின்னல் டிஸ்க்கையும் தொட்டிருக்கிறது அல்லது உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பொருள். மீண்டும் மீண்டும் மாட்டிப் பார்த்தால் மீட்கக்கூடியதும் மீட்க முடியாததாகிவிடும். அந்நிலையில் தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் போக வேண்டும். செலவு கணினியின் விலையைத் தாண்டலாம். சத்தம் இல்லையென்றால், நான் பார்த்தவரை, மின்சாரப் பழுதான கணினிகளில் டிஸ்க் நலமாக இருப்பதே வழக்கம்.

எடுத்த கோப்புகளை ஒரு விரலியில் (பென் டிரைவ்) ஒரு நகல், மகனுக்கு மின்னஞ்சலில் ஒரு நகல் என இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, பிறகு இந்தக் கட்டுரையின் மீதியைப் படியுங்கள். அதுவரை யாரும் அந்தக் கணினியில் எதையும் சூடாக்கவோ, மாற்றவோ, மென்பொருளைப் புதிதாகப் போடவோ வேண்டாம்.

விளக்குகள் சொல்வது

இனிக் கணினி. நீங்கள் இடியிலிருந்து தொடங்கி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் முதலில் அடிக்கோடிட்டது இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய அரை வரியை: "ஓராண்டாகவே சார்ஜர் மூக்கைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும்." அதற்குக் கீழே இன்னொன்று: பழைய அடாப்டர் அறுந்துபோனதால் இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு வேறொன்று வாங்கியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் கடைக்காரரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

மூக்கை வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் கணினியின் சார்ஜ் துளை தளர்ந்திருக்கிறது. அதன் பற்றவைப்பு விரிந்திருக்கலாம், நடுவிலுள்ள ஊசி கறுத்திருக்கலாம். கைவிளக்கை அடித்துத் துளைக்குள் பாருங்கள். ஊசி சாய்ந்தோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியோ இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் இந்தத் துளை ஒரு குட்டிக் கேபிளின் முனையில் தனியாக இருக்கும். கழற்றி வேறு மாட்டினால் போதும். சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அப்போதும் அது பற்றவைப்பு வேலைதான். இரண்டுக்கும் மதர்போர்டையே மாற்ற வேண்டிய தேவை இல்லை.

அடாப்டரில் பச்சை விளக்கு எரிவதால் அடாப்டர் நல்லது என்று முடிவுசெய்திருக்கிறீர்கள். அந்த விளக்குக்குச் சொட்டு மின்சாரம் போதும். குழாய் மூடியிருக்கும்போது தொட்டியின் அழுத்தம் நன்றாகவே தெரியும். திறந்து வாளியை வைத்தால்தானே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பது புரியும்? தளர்ந்த அடாப்டரும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது 19 வோல்ட் காட்டும். பட்டனை அழுத்திக் கணினி மின்சாரத்தை இழுத்ததும் சரிந்துவிடும். ஆரஞ்சு விளக்கு ஒரு நொடி மின்னி அணைவது இதற்கும் பொருந்துகிறது.

கருவி எதுவும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள், பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே மூக்கைக் கணினியில் செருகுங்கள். பட்டனைத் தொடாமலேயே பச்சை விளக்கு அணைந்தாலோ விட்டு விட்டு எரிந்தாலோ, கணினியின் நுழைவாயிலிலேயே மின்சாரம் குறுக்கே பாய்கிறது. அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கிறது. சார்ஜ் துளையோ போர்டின் முதல் பகுதியோ பழுது. செருகும்போது அசையாமல் எரிந்து, பட்டனை அழுத்திய நொடியில் துடித்தால் அடாப்டர்மீது சந்தேகம் கூடுகிறது, போர்டில் உள்ளே எங்கோ குறுக்கீடு இருக்கவும் வாய்ப்பு உண்டு. தொடக்கம் முதல் கடைசிவரை பச்சை அசையவே இல்லையென்றால், அடாப்டர் கொடுக்கத் தயாராக இருந்தும் கணினி வாங்க மறுக்கிறது. பேட்டரி, மெமரி, போர்டு இவற்றில் ஒன்று.

திருவிழாவுக்கு மின்விளக்குத் தோரணம் கட்டுபவரிடம் மல்டிமீட்டர் இருக்கும். அவரை அழைத்து அடாப்டரின் மூக்கை அளக்கச் சொல்லுங்கள். நேர்மின்னோட்ட (டிசி) அளவில் 200 வோல்ட் என்ற இடத்தில் வைத்து, ஒரு முனை மூக்கின் உட்துளையில், மறு முனை வெளிப்புறத்தில். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. உங்கள் அடாப்டரின் ஒட்டுச்சீட்டில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மீட்டரில் 19-ஐ ஒட்டி வர வேண்டும். 15, 16 என்று வந்தால் அடாப்டரைத் தூர வையுங்கள். 19 வந்தாலும் மேலே சொன்ன காரணத்தால் அது முழு விடுதலை ஆகாது. சந்தேகமறத் தெரிய இன்னொரு நல்ல அடாப்டர் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையனின் சார்ஜர் இங்கே உதவலாம், மூக்கு நுழைகிறது என்பதற்காக மட்டும் மாட்டிவிடாமல் இருந்தால். அவன் அடாப்டரின் சீட்டைப் படியுங்கள். வோல்ட் உங்களுடையதோடு ஒத்திருக்க வேண்டும், 19-க்கு 19.5 இருந்தால் பாதகமில்லை. ஆம்பியர் 3.42 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் கணினி எரிந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். கூடுதல் ஆம்பியர் கையிருப்பு போல இருந்துவிட்டுப் போகிறது. குறைந்தால்தான் தொல்லை. பிறகு, நடுவில் கூட்டல் குறியும் வெளியே கழித்தல் குறியும் போட்ட ஒரு சிறு படம் சீட்டில் இருக்கும். இரண்டு அடாப்டரிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹேர் டிரையர் யோசனையை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். போர்டைச் சூடாக்கிச் சிலர் உயிர்ப்பித்துக் காட்டுவது உண்மைதான். பெரும்பாலும் அது சில நாள் உயிர். பக்கத்திலுள்ள நல்ல பாகங்களையும் சேர்த்து வாட்டிவிடும். அரிசியைப் பற்றி வீட்டம்மாவிடம் நான் வாதம் செய்ய மாட்டேன். கணினி நனையவில்லை என்கிறீர்கள், ஆகவே உலர்த்த எதுவும் இல்லை. விசிறித் துளைகளில் அரிசித் தூள் இருந்தால் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி ஒரு முயற்சி

கடையில் இதைச் செய்தார்களா என்று தெரியவில்லை, ஆனால் காசில்லாத வழி இதுதான். அடாப்டரைப் பிடுங்குங்கள். கணினியைக் கவிழ்த்து, அடியிலுள்ள இரண்டு தாழ்களைத் தள்ளிப் பேட்டரியை எடுங்கள். மவுஸ், விரலி, பிரிண்டர் எது இணைந்திருந்தாலும் கழற்றுங்கள். இப்போது பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல், அடாப்டரை மட்டும் மாட்டிப் பட்டனை அழுத்துங்கள்.

போர்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு சிப் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் அது விழித்தே இருக்கும். மின்னல் அடித்த இரவில் மின்சாரம் ஏறி இறங்கினால் அது குழம்பி, எந்தக் கட்டளைக்கும் அசையாமல் நின்றுவிடுவது உண்டு. மிச்ச மின்சாரத்தை முழுவதும் வடித்துவிட்டால் அது முதலிலிருந்து தொடங்கும். இதனால் எழுந்துவிட்டால், கோப்புகளை நகல் எடுத்து முடிக்கும்வரை அணைக்காதீர்கள்.

பேட்டரி செத்தால் கணினி எழாது என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள கணினிகள் பேட்டரியே இல்லாமல் அடாப்டரில் ஓடும். ஆனால் கெட்ட பேட்டரி உள்ளே இருந்துகொண்டு கணினியை எழவிடாமல் தடுப்பதுண்டு. அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டதால் பேட்டரி வெந்து எல்லாம் கெட்டதா என்ற உங்கள் குற்ற உணர்வையும் இறக்கி வையுங்கள். பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் தானாக நிற்கும். பிளக்கைப் பிடுங்காமல் இடியின்போது விட்டுவிட்டதுதான் இங்கே பேச வேண்டியது, அதைக் கீழே சொல்கிறேன்.

எடுத்த பேட்டரியை மேசையில் தட்டையாக வைத்துப் பாருங்கள். நடுவில் உப்பியிருந்தாலோ, கணினியின் டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, அதைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்த வேண்டாம், அழுத்த வேண்டாம், சார்ஜ் செய்ய வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி லித்தியம் பேட்டரிக் கழிவு மலேசியாவில் எஸ்டபிள்யூ 103 என்ற வகையில் வருகிறது. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு இடங்களில் கொடுக்க வேண்டும்.

பேட்டரி இல்லாமலும் எழவில்லையென்றால் மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக. விசிறி ஓடித் திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு கதை. மண்டபத்துத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி 2013-க்குப் போய்விடுகிறது, அதைத் திருத்தாமலேயே வேலை செய்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போர்டிலுள்ள நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வகை, சில வெள்ளிதான். சில பழைய போர்டுகள் அது தீர்ந்தால் எழவே மறுக்கும் என்பதால் அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஆனால் எனக்கு இதில் வேறொரு கவலை இருக்கிறது. சென்ற ஆண்டு எழுதிய கணக்குக் கோப்பில் 2013 என்று தேதி பதிந்திருக்கும். உங்களைச் சந்தேகிக்கிறவர்கள் கையில் அது போய்ச் சேர்வதற்குமுன், காரணத்தை நீங்களே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு உண்மையான சாட்சி வங்கி அறிக்கையும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையும்தான். அவற்றை இப்போதே எடுத்து வையுங்கள்.

கடைக்காரர் ஏமாற்றினாரா

அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. பன்னிரண்டு ஆண்டு தாண்டிய கணினி. அதைத் திறந்து பழுதைத் தேட அரை நாள் ஆகலாம். அந்தக் கூலியைச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். போர்டை மாற்று என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். என் தொழிலில் இருப்பவர்களின் சோம்பல் இது, மோசடி என்று சொல்ல முடியாது. ஒரு விலையைச் சொன்னது குற்றமும் இல்லை. ஆனால் மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. போர்டில் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் போன்ற சிறு மின்பாகம் ஒன்று போயிருந்தால் அதை மட்டும் மாற்றும் பட்டறைகள் ஈப்போவில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை காட்டாமல் 450 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

50 வெள்ளிக்கு விற்கும் யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். டிஸ்க் உள்ளே இருக்கும் நிலையில் விற்றால் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களையும் சேர்த்து விற்கிறீர்கள். பழுதுக்குக் கொடுப்பதானாலும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். மின்சாரப் பழுதைப் பார்க்க டிஸ்க் தேவையில்லை. டிஸ்க் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற கடையை விட்டு வந்துவிடலாம்.

கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பழுதையும் விலையையும் எழுதிய மதிப்பீடு, கணினியின் வரிசை எண் குறித்த ரசீது, மாற்றிய பழைய பாகம். உங்கள் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பு போன்ற சேவைக்கும் பொருந்தும். வேலையில் தகுந்த கவனமும் திறமையும் இருக்க வேண்டும். காலமும் விலையும் முன்பே பேசப்படாதிருந்தால் அவை நியாயமாக இருக்க வேண்டும். பணம் வாங்கியபின் கைவிட்டாலோ கணினியை மேலும் கெடுத்தாலோ, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் போக வேண்டும். ஆனால் நீங்கள் அங்கே காட்டப்போவது அந்த ரசீதைத்தான். தோட்டத்து அலுவலகத்தில் இருந்தவருக்குச் சீட்டின் மதிப்பை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எவ்வளவு செலவு செய்யலாம்

அடாப்டர், சார்ஜ் துளை, நாணய பேட்டரி இந்த மூன்றுக்குள் முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அடாப்டரை இந்த முறை கடையில், சிரிம் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். போர்டுதான் பழுது என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதில் 450 வெள்ளியைப் போடுவது வாடகை வீட்டுக்கு மாடி கட்டும் வேலை. பிழைத்து வந்தாலும் அதில் வங்கி வேலையைச் செய்யாதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தர ஆள் இருந்தால், லிப்ரே ஆஃபீஸ் என்ற மென்பொருளில் உங்கள் எக்செல் கோப்புகள் திறக்கும்.

மகன் புதிதாக வாங்கித் தருகிறேன் என்பதில் தவறில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட, புதுப்பித்த கணினியும் கோயில் கணக்குக்குப் போதும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, எழுத்து வடிவில் உத்தரவாதம், இந்த இரண்டையும் பாருங்கள்.

எது வந்தாலும், வானம் இருண்டதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கும் பழக்கம் வேண்டும். மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். நம் சுவர் சுவிட்சுகளில் பெரும்பாலானவை ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், மற்றது இணைந்தே இருக்கும். மின்னல் வரும் வழி மின்கம்பி மட்டுமல்ல, பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியும் மோடத்திலிருந்து வரும் கேபிளும்கூட. அவற்றையும் பிடுங்குங்கள்.

செயலவைக்கு

நான் கணினிக்காரன், சங்கச் சட்டம் என் துறையல்ல. ஆனால் கோயில் சங்கமாகப் பதிவாகியிருந்தால், பொதுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே புலனத்தில் பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல், தலைவருக்கும் செயலாளருக்கும் இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். கணினி எந்தத் தேதியில் பழுதானது, கணக்கு டிஸ்க்கில் இருக்கிறது, எந்த நாளில் எடுக்கப்போகிறீர்கள் என்று மூன்று வரி போதும். டிஸ்க்கைக் கழற்றும் அன்று, சந்தேகப்பட்ட இருவரில் ஒருவரையாவது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கோப்புகளின் நகலை அங்கேயே செயலாளரின் விரலியிலும் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

அது முடிந்தபின் எனக்கு மறுபடி எழுதுவதானால், மூக்கைச் செருகியபோது பச்சை விளக்கு என்ன செய்தது, மீட்டரில் என்ன எண் வந்தது, பேட்டரி இல்லாமல் அழுத்தியபோது ஆரஞ்சு விளக்கு எப்படி நடந்துகொண்டது, இவை இருக்கட்டும். கணினியின் அடியிலுள்ள மாடல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். சார்ஜ் துளை எந்த வகை என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.